மூன்றாம் மாடியின் சிவப்புத் தூண்

சாக்பீஸ்தூள் தடவிய நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, மறுமுனையை ஹார்டுபோர்டுப் பலகையின் உச்சியில் அழுத்திப் பிடித்தாள் வஜீஹா. நடுவில் சுண்டியதும் பலகையில் வெள்ளைக் கோடு ஒன்று நேராக விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சிவப்பு அடிக்க வேண்டும். 'ஆடித் தள்ளுபடி' எழுதிய போஸ்டர் கலரில் மிச்சம் இருந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கினால் போதும்.

ஸ்வர்ணகமலம் ஜவுளி மாளிகையில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோணச் சந்துக்கு 'டிஸ்ப்ளே டிபார்ட்மென்ட்' என்று பெயர். தி. நகரில் சதுர அடிக்கு இருக்கும் விலைக்கு இந்த இடுக்கையும் சும்மா விட மனசில்லாமல் முதலாளி நல்லசிவம் அதில் ஒரு டிபார்ட்மென்ட் வைத்திருந்தார். ஒரு மேஜை, ஒரு டியூப்லைட், பிரஷ் போட்ட ஹார்லிக்ஸ் புட்டி, ஒரு ஸ்டூல். டிபார்ட்மென்ட்டின் தலைவர், துணைத் தலைவர், ஊழியர் எல்லாம் வஜீஹாதான். விலை அட்டை, 'பிரித்த சேலையை மடித்துத் தர உதவுங்கள்', 'செருப்பைக் கழற்ற வேண்டாம்' எல்லாம் அவள் கை. எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

எழுத்துக்காக மட்டும் அவளுக்கு இந்த இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் மாடியில் பட்டுப் பிரிவில் நின்று நின்று இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கெண்டைக்கால் முழுக்க நீலப் புழுக்கள் நெளிவது மாதிரி ஆகி, ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்த பிறகு, "இனிமே நிக்கிற வேலை செஞ்சீங்கன்னா காலை மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஸ்டூல் இது. மீர்சாகிப்பேட்டை வீட்டில் படுக்கையில் கிடக்கும் அவள் மாமியார்கூட, "ஒன் இஸ்டூலு பத்திரமா கீதா?" என்றுதான் விசாரிப்பாள், ஏதோ நஞ்சை நிலத்தை விசாரிக்கிற மாதிரி.

"இன்னாக்கா இது, பில்டிங்கா கட்டிகினு கீற?" என்று முத்துலட்சுமி தலையை நுழைத்தாள். மூன்றாம் மாடிப் பட்டு. சிந்தாதிரிப்பேட்டைக்காரி. சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போகிறவள், போகிற வழியில் எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள்.

"அந்த மயிலாப்பூர் சார் குடுத்தது. சின்னத் தாள்ல கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துக்கிறாரு. ஆளுயரத்துக்குப் பெருசா வரைஞ்சு படிக்கட்டாண்ட மாட்டணுமாம்."

முத்துலட்சுமி தாளை வாங்கிப் பார்த்தாள். மாடிக்கு இரண்டு தூண், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஜோடி. லிஃப்டுக்கும் ஒரு ஜோடி. மூன்றாம் மாடியில் சிவப்பு பனைமரம். நீலம் பக்கத்தில் முளைத்த காளான்.

"நம்ம மாடிதான் ஒசத்தியா கீது. பரிசு கிரிசு குடுக்கப் போறாங்களா?"

"சிவப்புக்குப் பக்கத்துல இங்கிலீஷ்ல சீட்டுன்னு போட்டுக்குது."

"சீட்டா? சீட்டுக் கம்பெனி ஆரம்பிக்கறாரா மொதலாளி?"

வஜீஹா சிரித்தாள். ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். போன மாதம் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

போன மாதம் நிரஞ்சன் என்று ஒரு பையன் வந்தான். எம்.பி.ஏ. படிக்கிறானாம். கழுத்தில் ஓட்டப் பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் நிறுத்துக் கடிகாரம். மாடி மாடியாகப் போய் மூலையில் நின்றுகொள்வான். யாராவது ஸ்டூலில் உட்கார்ந்தால் அமுக்குவான், எழுந்தால் அமுக்குவான், எழுதிக்கொள்வான். பெண்கள் அவனுக்கு மோர் கொடுத்தார்கள். "தம்பி, நின்னுகினே கீறியே, செத்த குந்து" என்று முத்துலட்சுமி தன் ஸ்டூலையே அவனுக்கு இழுத்துப் போட்டாள். அவனும் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே, அவள் ஸ்டூலை விட்டு எழுந்த நேரத்தை அமுக்கிக்கொண்டான்.

அவனை அனுப்பியவர் சந்திரமௌலி. மயிலாப்பூர் மாட வீதிக்காரர். ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்து மேனேஜ்மென்ட் நிபுணர் ஆனவர். இடுப்பில் பேஜர், சட்டைப் பையில் ரேடியோ ஏரியல் மாதிரி நீளும் குச்சி. ஆராய்ச்சி தினமும் காலையில் மட்டும்தான் நடந்தது. மத்தியானத்துக்கு மேல் அவருக்கு சபாவில் கச்சேரி. மார்கழியில் மயிலாப்பூர்க்காரர் ஒருவரைச் சாயங்காலம் வேலை வாங்குவது நிபுணத்துவத்துக்கு அப்பாற்பட்ட விஷயம்.

பலகை வரைந்து முடித்த மறுநாள், கடை திறப்பதற்கு முன்னால் எல்லோரையும் மூன்றாம் மாடிக்கு வரச் சொன்னார்கள். பட்டு விரிக்கும் வெள்ளை மெத்தையைச் சுற்றி வாடிக்கையாளர்களுக்கான நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வெள்ளை உறை, முதுகில் ரோஸ் ரிப்பன் முடிச்சு. முதலாளி ஒன்றில் உட்கார்ந்தார், சந்திரமௌலி ஒன்றில், சூப்பர்வைசர் சுவாமிநாதன் பாதிப் பிருஷ்டத்தை மட்டும் ஒன்றில் வைத்துக்கொண்டார். மற்ற நாற்காலிகள் காலி. பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். வஜீஹா பலகையைத் தூக்கி வந்து சாய்த்தாள்.

சந்திரமௌலி எழுந்து குச்சியை நீட்டினார்.

"இது ஒரு சயின்டிஃபிக் ஸ்டடி. நான் ஒண்ணும் சொல்லலை, டேட்டா பேசறது. ரெட் காலம் இருக்கே, அது சீட்டட் ஐடில் டைம். ப்ளூ வந்து சேல்ஸ். தர்ட் ஃப்ளோரைப் பாருங்கோ. ரெட் எங்கே போய் நின்னுண்டிருக்கு, ப்ளூ எங்கே படுத்துண்டிருக்கு! இன்வர்ஸ் கோரிலேஷன். இதை நான் யு.எஸ்.ல இருந்தப்போ ஒரு ப்ரொஃபசர்கிட்ட..."

அமெரிக்கா முடிந்து திரும்பி வர நேரமானது. அதற்குள் முதலாளி இரண்டு முறை கொட்டாவி விட்டு, இரண்டு முறையும் விரலால் சொடக்குப் போட்டுக்கொண்டார்.

"சுருக்கமாச் சொல்லுதேன்," என்றார் அவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "திங்கக்கெழமையிலேர்ந்து மாடியில ஸ்டூல் கெடையாது. லிஃப்டுலயும் கெடையாது. சார் விஞ்ஞானமா ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாவ. அந்த எடத்துல நா ஷோகேஸ் போடப் போறேன். எல்லாரும் பலகைக்குக் கீழ 'படித்துப் புரிந்துகொண்டோம்'னு கையெழுத்துப் போட்டுருங்க. நாளப்பின்ன லேபர் ஆபீசர் வந்து கேட்டா, நீங்களே ஒத்துக்கிட்டதா இருக்கணும் பாத்துக்கிடுங்க."

கீழே தெருவில் பூக்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள்.

"மொதலாளி," என்றாள் முத்துலட்சுமி. "எங்களுக்குப் புரியலீங்களே."

"என்னம்மா புரியல?"

"படம் இங்கிலீஷ்ல கீது. 'படித்துப் புரிந்துகொண்டோம்'னா எப்பிடிப் போடறது? பொய்யாயிடும்ல?"

லிஃப்டு கபாலி பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "எனுக்கும் பிரியல மொதலாளி. லிஃப்டுக்கு ஒசரமா செவப்புக் கோடு போட்டுக்கிறாரு. லிஃப்டு மேல போறதா அது, கீய வர்றதா?"

"நீ உக்காந்திருக்கறது," என்றார் சுவாமிநாதன்.

"அப்டீன்னா மொதலாளிக்கு ஒண்ணு போட்டுருக்கணுமே. அதுக்கு இந்தப் பலக பத்தாதே, மொட்ட மாடிய ஓட்ட போட்டுகினு போவுமே!"

நின்றிருந்தவர்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். முதலாளி முகம் சிவந்தது. ஆனால் கையெழுத்து வேண்டும்.

"சரி வே, தமிழ்லயே எழுதிப் போடுங்க. நம்ம வஜீஹா நல்லா எழுதுமே. சார், நீங்க சொல்லுங்க, அவ எழுதட்டும்."

சந்திரமௌலி இதை எதிர்பார்க்கவில்லை. "ஒரு சார்ட்டைப் பார்த்தாலே புரியணும். அதைப் பாராகிராஃபா எழுதச் சொல்றது... பரவாயில்லை, சொல்றேன்."

படிக்கட்டுக்கு அடியில் நிபுணர் குனிந்து நுழைந்தார். சுற்றிப் பார்த்தார். உட்கார ஒரே இடம்தான் இருந்தது. அதில் உட்கார்ந்தார். வஜீஹா மேஜையோரம் நின்றுகொண்டு, அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கச்சேரியில் ஆலாபனை கேட்கிற முகம். "மேற்கண்ட வரைபடமானது, பணியாளர்தம் ஆசனம் சார்ந்த செயலின்மைக் காலத்திற்கும் விற்பனை ஈட்டத்திற்கும் இடையே நிலவும் எதிர்மறை உறவினைத் தெள்ளிதின் புலப்படுத்துகிறது. எழுதிண்டியா?"

"சார், ஆசனம் சார்ந்த செயலின்மைன்னா?"

"சீட்டட் ஐடில் டைம்."

"உக்கார்றதா சார்?"

"அப்படிப் பச்சையாச் சொல்லப்படாது. மேலே எழுது. இதன் அடிப்படையில் ஆசன வசதியானது முறையே நெறிப்படுத்தப்படும்."

"நெறிப்படுத்தப்படும்னா ஸ்டூல எடுத்துருவாங்க. அதானே சார்?"

சந்திரமௌலி கண்ணைத் திறந்தார். "நோக்கு எதுக்கும்மா அதெல்லாம்? உன் எழுத்து லட்சணமா இருக்குங்கறா. அப்படியே எழுதிடு." இடுப்பில் பேஜர் கூவியது. எடுத்துப் பார்த்துக்கொண்டே எழுந்தவர், படியின் அடிவயிற்றில் நெற்றியை இடித்துக்கொண்டார். உலகத்தரமான அந்த நெற்றி அப்போதுதான் டிஸ்ப்ளே டிபார்ட்மென்ட்டின் உயரத்தை அளந்தது.

அவர் போனதும் சுவாமிநாதன் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், அது நல்லதுக்கு இல்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"இந்தாம்மா, ஒண்ணு கவனிச்சியா? அந்தப் படத்துல ஒன் டிபார்ட்மென்ட் கிடையாது. நாள் பூரா உக்காந்துதான வேலை பாக்குற? ஒனக்கு ஒரு செவப்பு போட்டிருந்தா எங்கயோ போயிருக்கும். நான்தான் சார்கிட்டச் சொல்லி அத விட்டுடச் சொன்னேன். சார் சொன்னத சொன்னபடி எழுது. ஒன் ஸ்டூல் ஒன்னோடதுதான்."

அவர் போன பிறகு வஜீஹா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நிபுணரின் சூடு இன்னும் அதில் இருந்தது. காலை நீட்டி, அறுத்த தழும்பை விரலால் நீவி விட்டுக்கொண்டாள். வெயில் நாளில் அங்கே அரிக்கும். நின்றால் உள்ளே யாரோ கம்பியை முறுக்குவது மாதிரி இழுக்கும்.

அவர் சொன்ன வாக்கியத்தை மெல்ல வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். 'தெள்ளிதின் புலப்படுத்துகிறது.' சட்டை மடித்து வைத்த மாதிரி அழகாக இருந்தது. ஒரு கசங்கல் இல்லை. இதைப் பலகையில் எழுதினால் பெண்கள் எழுத்தின் அழகைப் பார்ப்பார்கள், வஜீஹாக்கா எழுதியதாச்சே என்று நம்புவார்கள், வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போவார்கள். மேலே ஸ்டூல் இருக்காது.

மத்தியானம் முத்துலட்சுமி டப்பாவோடு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். அவள் காலைத்தான் வஜீஹா முதலில் பார்த்தாள். செருப்பு வாரை மீறிப் பாதம் வீங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே புடவை ஓரத்தில், மெல்லிசாக, நீலமாக ஒன்று நெளிய ஆரம்பித்திருந்தது.

"ஒனுக்கும் வந்துடுச்சா?"

"அது கெடக்குது. சார் சொன்னத எழுதிட்டியாக்கா?"

வஜீஹா அட்டையைக் காட்டினாள். முத்துலட்சுமி உதட்டை அசைத்துப் படித்தாள். பாதியில் நின்று, திருப்பித் தந்தாள்.

"சாமி மந்திரம் கணக்கா கீது. இதுக்கு இங்கிலீஷே தேவலாம். யக்கா, மொதலாளிக்கு எங்க கையெழுத்து ஓணும். எங்களுக்கு நீ எழுதறதுதான் தெரியும். புரியறாப்ல எழுது, இல்லாங்காட்டி புரியலன்னு நானு கையெழுத்துப் போட மாட்டேன். வேலய வுட்டுத் தூக்கினாலும் சர்த்தான்."

"புரியறாப்ல எழுதினா என்னத் தூக்கிடுவாங்கடி."

முத்துலட்சுமி சுவரில் கையை ஊன்றி ஒரு காலைத் தூக்கி, அதைக் கொஞ்ச நேரம் காற்றில் தொங்கவிட்டாள். பிறகு அதை ஊன்றி மற்றதைத் தூக்கினாள். மணி அடித்தது. போய்விட்டாள்.

வஜீஹா கம்ப்யூட்டர் தாளை மறுபடியும் எடுத்து, மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள். சிவப்பு எது, நீலம் எது, எந்த மாடி. தாளின் அடியில் பொடி எழுத்தில் தேதி. டிசம்பர் மாசத்துப் பின்பாதி, நேரம், காலை. அவ்வளவுதான் அதில் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. தீபாவளித் தள்ளுபடியைத் தெருவில் போகிறவனுக்குப் புரியவைக்கிற அதே தமிழ் போதும்.

ஸ்டூலைப் பலகைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அகலப் பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்தாள்.

மறுநாள் காலை பலகை படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டப்பட்டது. ஊழியர்கள் படியிலே மாட்டினால் போதும் என்றார் சுவாமிநாதன். முதலாளிதான் வாடிக்கையாளர்கள் ஏறும் பெரிய படிக்கட்டிலேயே மாட்டச் சொன்னார். நம்ம கடையில் விஞ்ஞானம் நடக்கிறது என்று ஊர் பார்க்கட்டும். சுவாமிநாதன் எட்ட நின்று பார்த்தார். தூண்கள் கம்பீரமாக இருந்தன. கீழே கறுப்பில் வரிகள் ஒரே சீராக, கல்வெட்டு மாதிரி. "பலே," என்றார். படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லாத பொருள் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

பெண்கள் படித்தார்கள்.

'இந்தப் படத்தில் சிவப்பு என்பது நாங்கள் உட்கார்ந்த நேரம். நீலம் என்பது விற்ற துணி. மார்கழி மாதத்தில், காலை வேளையில் அளந்தது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் மூன்றாம் மாடிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க ஆள் வரவில்லை. ஆள் வராததால் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆள் வந்தபோது எழுந்தார்கள். லிஃப்டுக்காரர் உட்கார்ந்துதான் லிஃப்டு ஓட்டினார். அதில் துணி விற்பதில்லை. இனிமேல், ஆள் வந்தாலும் வராவிட்டாலும், காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி அடைக்கும் வரை யாரும் உட்காரக் கூடாது என்பது இந்தப் படத்தின் பொருள்.'

முதலில் படித்தவள் திரும்பிப் பார்த்தாள். அடுத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கபாலி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, "அதில் துணி விற்பதில்லை" வந்ததும் தொடையில் தட்டினான். "அட்ரா சக்கை! இப்ப பிரிஞ்சிடுச்சு மொதலாளி!" என்று யாரும் இல்லாத பக்கம் பார்த்துக் கும்பிட்டான்.

முத்துலட்சுமி பேனாவை வாங்கி, 'படித்துப் புரிந்துகொண்டோம்' என்பதற்குக் கீழே முதல் கையெழுத்துப் போட்டாள். இனிஷியலோடு, தெருப் பெயரோடு, கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி முழுசாக. மற்றவர்கள் முண்டியடித்தார்கள். எழுதத் தெரியாத துப்புரவுக்காரி கட்டைவிரலில் வஜீஹாவின் சிவப்பைத் தடவிப் பதித்தாள். கையெழுத்து எல்லாம் வாங்கியாச்சு என்று சுவாமிநாதன் முதலாளிக்குப் போன் செய்தார்.

கடை திறந்தது. தை பிறந்திருந்ததால் கூட்டம். மயிலாப்பூரிலிருந்து பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்த விசாலாக்ஷி மாமி, மூச்சு வாங்கியதால் திருப்பத்தில் நின்றாள். நின்ற இடத்தில் பலகை.

"ஏன்னா, இதைப் பாருங்கோளேன். இவாளை உட்காரவே விடமாட்டாளாம்! என்ன அநியாயம் இது!"

மாமியின் குரல் சுருதி சேர்ந்த குரல். கீழ்த்தளம் வரை கேட்டது. பின்னால் ஏறியவர்கள் நின்று படித்தார்கள். படிக்கட்டில் நெரிசல். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மாமி மூன்றாம் மாடிக்கு வந்து வெள்ளை உறை நாற்காலியில் அமர்ந்து, முத்துலட்சுமியைப் பார்த்து, "பாவம்மா நீங்கள்ளாம்" என்று மனமுருகிச் சொன்னாள். பிறகு அரக்கு, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னாள். பிரித்தது மெத்தையில் மலையாகக் குவிந்த பிறகு, முதலில் காட்டிய அரக்கையே மறுபடி எடுத்துப் பார்த்தாள். "ஆத்துல எல்லாரையும் கூட்டிண்டு வந்து காட்டறேன்," என்று எழுந்தாள். முத்துலட்சுமி நின்றபடியே மடிக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலத்துக்குள் முதலாளிக்குச் சேதி போய்விட்டது. வஜீஹாவை மேல் அறைக்குக் கூப்பிட்டார்கள். சந்திரமௌலியும் வந்திருந்தார். நெற்றியில் சின்னதாக ஒரு புடைப்பு.

"யாரு இப்படி எழுதச் சொன்னது ஒன்னய?" என்றார் முதலாளி.

"சார் தாள்ல இருக்கறததான் எழுதினேன் மொதலாளி. செவப்பு உக்கார்ற நேரம்னு சாரே எல்லாரு முன்னாடியும் சொன்னாரு."

"மார்கழின்னு நான் எங்கே சொன்னேன்?" என்றார் சந்திரமௌலி.

"அடியில இங்கிலீஷ்ல தேதி போட்டுக்கிறீங்களே சார். தமிழ்ல அது மார்கழி."

"அது ஃபுட்நோட். அதைப் போய் பாராகிராஃப்ல..."

"எது தப்புன்னு விரல் வெச்சுக் காட்டுங்க சார். அத மட்டும் அழிச்சிடறேன்."

சந்திரமௌலி முதலாளியைப் பார்த்தார். "தப்புன்னு இல்லை சார். டோன் சரியில்லை. ஒரு மரியாதை இல்லை."

முதலாளி நிதானமாக வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்குக் கோபம் போய்விட்ட மாதிரி இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"இந்தா பாரு தாயி. மார்கழியில பட்டு விக்காதுன்னு எனக்கு ஆராய்ச்சி பண்ணியா தெரியணும்? அப்பன் காலத்துலேர்ந்து கடை நடத்துதேன். நீ எழுதினதுல தப்பே இல்ல, போதுமா? எனக்கு எடம் வேணும், ஷோகேஸ் வைக்கணும். அவ்வளவுதான். போயி அழி."

வஜீஹா அவரைப் பார்த்தாள். இத்தனை நாளில் அந்த அறையில் யாரும் இவ்வளவு நேராகப் பேசி அவள் கேட்டதில்லை.

"இத நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா அப்பிடியே எழுதியிருப்பேன் மொதலாளி. சின்னதா முடிஞ்சிருக்கும்."

"அழிங்கேன்ல?"

"நான் எழுதினத நான் அழிக்கமாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

வேற ஆள், கபாலிதான். கையில் டிஸ்டம்பர் வாளியைக் கொடுத்தார்கள். அவன் பிரஷ்ஷை நன்றாகத் தண்ணீரில் முக்கி, ஒரே ஒரு கோட்டிங் கொடுத்தான். கையெழுத்துகளை விட்டுவிட்டு வரிகளை மட்டும் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். காய்ந்ததும் வெள்ளைக்கு அடியிலிருந்து எழுத்துகள் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தன. டியூப்லைட் போட்டால் 'உட்காரக் கூடாது' நன்றாகவே தெரிந்தது.

"இன்னொரு கோட்டிங் குடு," என்றார் சுவாமிநாதன்.

"டிஸ்டம்பர் ஆயிடுச்சு சார். வாங்கியாரச் சொல்லி பில்லு போடுங்க."

பில்லில் முதலாளி கையெழுத்து வேண்டும். பலகை அப்படியே நின்றது.

திங்கட்கிழமை ஸ்டூல்கள் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு ஏற்றி, கைப்பிடிச் சுவரோரம் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். லிஃப்டு ஸ்டூலும் போனது. கடைசியாகப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒன்று. டிஸ்ப்ளே டிபார்ட்மென்ட் மூடப்பட்டு, உடைந்த பொம்மைகளைப் போடும் இடமானது. வஜீஹா மூன்றாம் மாடிக்குத் திரும்பினாள். அன்று ராத்திரி அவள் கால் தலையணை கனம் கனத்தது. மாமியார் விசாரித்தாள். "இஸ்டூலு பத்திரமா கீது மாமி," என்றாள் வஜீஹா. "பூட்டியே வெச்சிட்டாங்க."

தை முடிந்து, மாசிக் கூட்டமும் ஓய்ந்த ஒரு காலை. நிரஞ்சன் வந்தான். அதே கடிகாரம், புது நோட்டு. ஸ்டூல் எடுப்பதற்கு முன்னால், எடுத்ததற்குப் பின்னால் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால்தான் ஆராய்ச்சி முழுமை பெறும் என்று சந்திரமௌலி சொல்லியிருந்தார். இரண்டாவது படத்தில் சிவப்பே இருக்காது. சாதனை பளிச்சென்று தெரியும்.

மூன்றாம் மாடியில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. புது ஷோகேஸில் பொம்மை ஒன்று முகூர்த்தப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தது. பெண்கள் அவரவர் இடத்தில் நின்றிருந்தார்கள்; சிலர் ஒற்றைக் காலில், கொக்கு மாதிரி.

நிரஞ்சன் மூலைக்குப் போய்க் கடிகாரத்தைக் கையில் எடுத்தான். "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க அக்கா," என்றான்.

அமுக்கினான்.

வஜீஹா முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு கையை முத்துலட்சுமியின் தோளில் ஊன்றி, இடது காலை முன்னால் நீட்டி, மெதுவாக, மொசைக் தரையில் உட்கார்ந்தாள். முத்துலட்சுமி அவளையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அடுத்தவள். பட்டுப் பிரிவு முழுக்கத் தரைக்கு வந்துவிட்டது.

நிரஞ்சனின் பேனா காற்றில் நின்றது. "அக்கா... எழுந்திருங்கக்கா. நான் எழுதணும்க்கா."

"எழுது தம்பி. யாரு வாணான்னது?"

"சார் என்னத் திட்டுவாருக்கா. இந்தத் தடவ சிவப்பு வரக்கூடாது."

"அதெப்பிடி வராம இருக்கும்? குந்திகினு கீறோம்ல?" என்றாள் முத்துலட்சுமி. "நல்லா அமுக்கு. இன்னும் நேரம் ஆவும். ஒசரமா போடு, தாளு பத்தலன்னா ஒட்டிப் போட்டுக்கோ."

"ஆள் வந்தா எழுந்திருப்போம் தம்பி," என்றாள் வஜீஹா. "அதையும் பக்கத்துல எழுதிக்கோ. கோடா போடாத, எழுத்துல எழுது. எழுத வரலன்னா சொல்லு, நான் எழுதித் தரேன்."

படிக்கட்டில் சுவாமிநாதனின் செருப்புச் சத்தம் கேட்டது. மேலே வந்துகொண்டிருந்தது. திருப்பத்தில் பலகைக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. மறுபடி கிளம்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை. வஜீஹா குனிந்து காலை நீவி விட்டுக்கொண்டாள்.

அவர்கள் தலைக்கு மேலே, வெள்ளை உறையும் ரோஸ் ரிப்பன் முடிச்சுமாக, வாடிக்கையாளர்களின் நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. ஒருத்தியின் முதுகுகூட அவற்றில் படவில்லை.